ஆல்டோ பாடாத வரி

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படவேண்டிய விஷயம் வேறு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் சுற்றி வளைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருஷம் மென்று விழுங்கிய சங்கதி, ஒரே மூச்சில் வராது.

என் அப்பா யோஹான் லைட்னர், ஹாஸல்பாக் ஊரின் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கத்தில் வாத்தியார் வேலை பாடம் சொல்லிக்கொடுப்பதோடு முடியாது. கோயிலில் ஆர்கன் வாசிக்க வேண்டும், பாடகர் குழுவை மேய்க்க வேண்டும், மணி அடிக்க வேண்டும், புதுப் பூசைப் பாட்டு வந்தால் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகப் பிரதி எழுத வேண்டும். இதில் ஒன்று முடியாமல் போனாலும் வேலை போய்விடும். வேலை போனால் குடியிருக்கும் பள்ளிக்கூட வீடும் போய்விடும். எனக்குப் பதினேழு வயதாகும்போதே அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, கண்ணும் மங்கிவிட்டது. ஆர்கனை விரல் பழக்கத்தில் வாசித்துவிடுவார். பிரதி எழுதத்தான் முடியவில்லை. நான் எழுதினேன். அவர் கையெழுத்து மாதிரியே எழுதி, கடைசிப் பக்கத்தில் ‘யோ. லைட்னர் எழுதியது’ என்று அவர் பெயரையே போட்டேன். பங்குச் சாமியாருக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது. ஐந்து வருஷத்தில் ஒரு தப்பு வந்ததில்லை.

ஒரு தப்பு வந்ததில்லை என்று மாவு பிசையும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவ்வளவு திமிர்.

செவரின் லெஹ்னர் உதவி வாத்தியாராக வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. வளர்ந்த வேகத்தில் சட்டை போதாமல் அவன் கை முழங்கை வரை வெளியே தெரியும். சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான், அடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டில். வீட்டோடு இருந்ததால் பிரதி ரகசியம் அவன் ஒருவனுக்குத் தெரியும். அவனைச் சீண்டாமல் எனக்குப் பொழுது போகாது. ஒரு நாள் கரண்டியைப் பிடித்தபடி சூப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்ன வாத்தியாரே, சூப்புக்குள்ள பாட்டு ஏதாவது விழுந்துடுச்சா?”

“விழுந்தது மேல வர்ற நேரம் பாத்துப் பேசறியே, புர்கி. போச்சு. மூழ்கிப் போச்சு.”

“அப்ப மாவு உருண்டைய மட்டும் முழுங்கு. ஆறுது.”

என் முழுப்பெயர் நோட்புர்கா. புர்கி என்று எல்லோரும்தான் கூப்பிடுவார்கள். அவன் கூப்பிட்டால் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பிப் பார்ப்பேன், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று. மனசில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பொய் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

ஆயிரத்தெண்ணூற்று நாற்பத்தைந்தாம் வருஷம் எங்கள் கோயிலுக்கு நூறாவது ஆண்டு. செப்டம்பர் முதல் தேதி பெரிய திருநாள். அதற்காக அந்தக் குளிர்காலம் முழுக்க செவரின் ஒரு பூசைப் பாட்டு எழுதினான். நாலு குரலுக்கு, ஆர்கனோடு. அவன் எழுதிய முதல் பூசை அதுதான். கோடைக்காலத்தில் முடித்து, மூலப்பிரதியை என் மடியில் வைத்தான்.

“உன்னத் தவிர வேற யார் கைலயும் இதக் குடுக்க மாட்டேன், புர்கி.”

“குடுத்துட்டல்ல, போ. மை படாமப் பாத்துக்கறேன்.”

எங்கள் ஊர்ப் பூசையில் ஒரு வழக்கம் உண்டு. ‘இன்னின்னதை விசுவசிக்கிறேன்’ என்று அடுக்கிச் சொல்லும் விசுவாசப் பிரமாணம் நீளம். அதை வரிவரியாகப் பாடி முடிப்பதற்குள் குடியானவர்கள் காலை மாற்றி மாற்றி நிற்பார்கள், வீட்டில் உருண்டை வெந்து கரையும். அதனால் வரிகளை நாலு குரலுக்கும் பங்கு போட்டுக் கொடுத்து, ஒரே நேரத்தில் பாடவைத்து விடுவார்கள். பெண்களின் உச்சக்குரலான சோப்ரானோ ஒரு வரி பாடும்போது ஆண்களின் அடிக்குரலான பேஸ் வேறொரு வரி பாடும். கடவுளுக்கு நாலு காது என்று அப்பா கேலி செய்வார். செவரினும் அப்படித்தான் பிரித்திருந்தான். ‘ஒரே, பரிசுத்த, கத்தோலிக்க, அப்போஸ்தலிக்கத் திருச்சபையை விசுவசிக்கிறேன்’ என்ற வரி பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவுக்கு மட்டும்தான். வேறு எந்தக் குரலிலும் கிடையாது.

பிரதி எழுதுவதில் என் முறை இது. முதலில் சுரங்களை மட்டும் எழுதுவேன். மணல் தூவிக் காயவைப்பேன். பிறகு வார்த்தைகளை அடியில் கோப்பேன். ஆல்டோவுக்கு வார்த்தை எழுதிய அன்று அடுப்பில் பிளம் பழக்கூழ் காய்ந்துகொண்டிருந்தது. நாலு வார்த்தை எழுதுவேன், எழுந்து போய்க் கிளறுவேன், வந்து உட்காருவேன். அந்தப் பிரமாணத்தில் பாதி வரிகள் ‘எத்’ என்றுதான் ஆரம்பிக்கும். லத்தீனில் ‘எத்’ என்றால் ‘மேலும்’. ஒரு ‘எத்’தில் விட்டுவிட்டு எழுந்தேன், திரும்பி வந்து அடுத்த ‘எத்’தில் ஆரம்பித்தேன். நடுவில் இருந்த வரி திருச்சபை வரி.

இதோடு போயிருந்தால் கவனப்பிசகு. போகவில்லை. வார்த்தைகள் முடிந்துவிட்டன, சுரங்கள் முடியவில்லை. அடியில் ஒன்றுமே இல்லாமல் பத்தொன்பது சுரம் மிச்சம். கையில் கரண்டியோடு நின்று பார்த்தேன். மூலப்பிரதி ஒரு முழம் தள்ளி இருந்தது. திருப்பிப் பார்த்திருக்கலாம். ‘பயலுக்கு எண்ணத் தெரியல’ என்று சிரித்துக்கொண்டே, அந்தப் பத்தொன்பது சுரத்துக்கும் அடியில் ஆமென், ஆமென் என்று கோத்துவிட்டேன். எழுதியவனையே திருத்தினேன், பாருங்கள்.

இரண்டாவது ஒத்திகையில் செவரின் ஆர்கனை நிறுத்தினான். “ஆல்டோ அங்க என்னமோ தடுக்குதே. அந்த இடம் மட்டும் இன்னொரு தடவ பாடலாமா?”

ஆல்டோ வரிசையில் நான்தான் முதல் ஆள். “தடுக்கறது உன் காதுலய்யா. குறும்பிய எடுத்துட்டு வா, அப்புறம் பாடலாம்.”

பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. மேற்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டான். அவன் கேட்டான். ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டான். சிரிக்க வைத்து அவன் வாயை அடைத்தேன்.

திருநாளன்று பாட்டு எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நன்றாக இருந்தது. தடித்தோல் கசாப்புக்காரன் மூக்கைச் சிந்தினான். பூசை முடிந்து படியிறங்கும்போது செவரின் என் பக்கத்தில் வந்தான். “நல்லா இருந்துச்சாடி?” என்று கேட்டான். முதல் தடவையாக ‘டி’ போட்டான். “பரவால்ல” என்றேன்.

பக்கத்து டவுனிலிருந்து வட்டாரப் பெரிய சாமியார் வந்திருந்தார். அந்த வருஷம் அவருக்குப் பெரிய தலைவலி. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் நாலு குடும்பம் கத்தோலிக்கச் சபையை விட்டு, போப்பை ஏற்காத லூத்தரன் பக்கம் போயிருந்தது. எங்கே புகை தெரிகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தார். சாமியார் வீட்டில் விருந்து. பன்றிக்கறியும் முட்டைக்கோசும் பரிமாறியது நான். பெரிய சாமியார் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் குரல் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பென்சில் நின்றது.

“திருச்சபை எங்க?” என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

“ஒரே, பரிசுத்த, கத்தோலிக்க, அப்போஸ்தலிக்கத் திருச்சபை. நாலு குரல்லயும் இல்ல. எங்க போச்சு?”

அப்பாவையும் செவரினையும் கூப்பிட்டு விட்டார்கள். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பி நடுங்கியது. “நான்தான் பிரதி எழுதினேன், சாமி. முப்பது வருஷமா எழுதறேன். அவன் எழுதினது எதுவோ அதுதான் இதுலயும் இருக்கும்” என்றார். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

செவரின் பயப்படவே இல்லை. சிரித்தான். “இருக்கு சாமி, ஆல்டோவுக்குப் போட்டிருக்கேன். மூலப்பிரதி வீட்லதான் இருக்கு. இதோ கொண்டு வர்றேன்.”

நான் கறிச் சட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லை வழியாக ஓடினேன். துணிப்பெட்டிக்குள் போர்வைக்கு அடியில் இருந்தது மூலப்பிரதி. பிரித்தேன். இருந்தது. கொட்டை கொட்டையாக, அவனுடைய சாய்ந்த எழுத்தில், பத்தொன்பது சுரத்தோடு கூட இருந்தது. மூடி, உள்ளே திணித்து, பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். செவரின் மூச்சு வாங்க உள்ளே வந்தான்.

“புர்கி, மூலப்பிரதி எங்க? சீக்கிரம் குடு.”

“உன்கிட்டதான் அப்பவே குடுத்தேனே.”

“என்கிட்டயா? எப்ப?”

“பிரதி எழுதி முடிச்ச அன்னைக்கே. எங்க போட்டியோ. உன் மறதிக்கு நான் என்ன பண்றது?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான். நடுவிரலில் மை ஊறிப்போன தழும்பு, ஐந்து வருஷத் தழும்பு. பிறகு நான் உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு முழுப் பூசை நேரம்.

அப்பாவுக்காகச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை தெரிந்தால் அவர் வேலை போகும், வீடு போகும், எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தபோது அப்பா ஞாபகமே எனக்கு வரவில்லை. ஆல்டோப் பெண்கள் முன்னால் அவனைக் கேலி செய்தேனே, அவர்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்பதுதான் ஞாபகம் வந்தது. இவ்வளவுதான் நான்.

அவன் திரும்பி நடந்தான். நான் பின்னாலேயே போய், சாமியார் வீட்டுச் சமையலறைக் கதவோரம் நின்றேன்.

“மூலப்பிரதி எங்கேப்பா?” என்றார் பெரிய சாமியார்.

“இல்ல, சாமி. அந்த வரிய நான்தான் விட்டேன்.”

“இப்பத்தானே இருக்குன்னு சொன்னே?”

“பொய் சொன்னேன், சாமி.”

என் பொய்யையும் சேர்த்து அவனே எடுத்துக்கொண்டான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா வெளியே போயிருப்பார், அந்த வேலையும் வீடும் அவனுக்கே வந்திருக்கும். உதவி வாத்தியார்கள் அதற்காகத்தானே காத்துக் கிடப்பார்கள். அப்பா அங்கேயே நின்று, “படுபாவி, சாமிகிட்டயேவா பொய் சொன்னே?” என்று அவனைத் திட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவனை அனுப்பிவிட்டார்கள். ஒரு மரப்பெட்டி, ஒரு வயலின். வாசலில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். செவரின் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

“ஆல்டோவப் பாத்துக்கோ, புர்கி.”

பாடகர் குழுவைத்தான் சொல்கிறான் என்று தலையாட்டினேன்.

அப்பா இன்னும் நாலு வருஷம் வாத்தியாராகவே இருந்து, பள்ளிக்கூட வீட்டிலேயே கண்ணை மூடினார். அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குள் புதிதாக வந்த வாத்தியார் ரூபர்ட்டுக்கும் எனக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் மானம் போகுமே என்று சும்மா இருந்தேன். அவரும் போய்ச் சேர்ந்தார். பிறகு, கிழவி எதற்கு இதைக் கிளற வேண்டும் என்று இருந்தேன். எனக்குச் சாக்குக்குப் பஞ்சமே வந்ததில்லை. இரண்டு தடவை மூலப்பிரதியை அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். போட மனசு வரவில்லை, கொடுக்கவும் மனசு வரவில்லை. மறுபடியும் போர்வைக்கு அடியிலேயே வைத்தேன்.

செவரின் வியன்னா போய்ப் பெரிய ஆளாகிவிட்டான். ஓபரா எழுதினான், பாட்டு எழுதினான், அதற்குப் பிறகு ஐந்து பூசையும் எழுதினான். ஐந்திலும் திருச்சபை வரி இல்லை. முதல் பூசையில் எது இல்லையோ அது எதிலுமே இல்லை. தபால் நிலையக்காரர் பேப்பர் படித்துச் சொல்லுவார்: “நம்ம ஊர்ல சோறு தின்னவன்தான், சாமி கும்பிடாதவனா ஆயிட்டான் பாத்தியா? ஒரு பெரிய கோயில்ல பாட்டுத் தலைவர் வேலை வந்துச்சாம், இந்த ஒத்த வரியால கை நழுவிப் போச்சாம்.” நான் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டே, “அப்படியா?” என்பேன். அவனுடைய மூன்றாவது பூசையை எங்கள் கோயிலிலும் பாடினோம். அந்த வரி வரவேண்டிய இடத்தில் ஆல்டோவுக்கு மட்டும் ஓய்வு போட்டிருந்தான். மற்ற மூன்று குரலும் பாடும், நாங்கள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். ஊரே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. அவன் என்னைத் தண்டிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன், அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

போன நவம்பரில் செவரின் செத்துப்போனான். இந்த மே மாதம் வியன்னாவிலிருந்து ஒரு ஆள் வந்தார், டாக்டர் பிராண்டல். வைத்தியர் இல்லை, படித்த டாக்டர். செவரினின் வாழ்க்கையை எழுதுகிறாராம். கோட்டில் தூசி, பை நிறையக் காகிதம். உருண்டையும் புகைபோட்ட கறியும் வைத்தேன். பசித்தவர்போல் சாப்பிட்டார்.

“அம்மா, அந்த முதல் பூசைல நீங்களும் பாடினீங்களாமே?”

“ஓரமா நின்னு வாயசைச்சேன்.”

“அந்த வரிய ஏன் விட்டாருன்னு தெரியுமா? அவருக்குச் சபை மேல நம்பிக்கை இல்ல, சுதந்திரமான மனுஷன்னு நான் எழுதியிருக்கேன். ஒரு அத்தியாயமே எழுதிட்டேன்.”

“எனக்கென்ன தெரியும், ஐயா? நான் சமையல்காரி.”

இத்தனை வருஷம் பழகின வாய், தானாகவே பொய் சொல்லிற்று. அவர் நோட்டை மூடினார். வண்டிக்கு இன்னும் அரை மணி இருந்தது. பேரிக்காய் மது ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சிரித்தார்.

“அவர்கிட்ட நேராவே கேட்டுப் பாத்துட்டேன்மா. எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க. எல்லார்கிட்டயும் ஒரே பதில்தான்.”

“என்ன சொன்னாரு?”

“‘அது ஆல்டோகிட்ட இருக்கு’ன்னுவாரு. நாலு குரலுக்கும் வரியப் பிரிச்சுக் குடுக்கற வழக்கம் இருக்குல்ல, அத வெச்சு ஜோக் அடிப்பாரு. படுத்த படுக்கையா இருந்தப்பக்கூடக் கேட்டேன். ‘அவ குடுத்தா நான் போட்டுர்றேன்’னாரு. சாகற நேரத்துலயும் குசும்பு.”

“எந்த ஆல்டோன்னு நீங்க கேக்கலையா?”

“ஜோக்குக்கு அர்த்தம் கேப்பாங்களாம்மா?”

தண்டித்துக்கொண்டிருக்கிறான் என்றுதானே நினைத்திருந்தேன். அவன் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒவ்வொரு பூசையிலும் அந்த இடத்தைக் காலியாக வைத்து, நான் கொண்டுவந்து கொடுப்பேன் என்று காத்திருக்கிறான். வியன்னா என்ன, வானத்திலா இருக்கிறது? ஒரு நாள் வண்டிப் பயணம்.

உள்ளே போனேன். பெட்டியைத் திறந்து, போர்வைகளை வாரித் தரையில் போட்டு, மூலப்பிரதியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். விசுவாசப் பிரமாணத்தைத் திருப்பி, ஆல்டோ வரியில் விரலை வைத்தேன்.

அவர் வெகுநேரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். பிறகு பையிலிருந்து பழைய ஆல்டோப் புத்தகத்தை எடுத்தார். கோயில் அலமாரியிலிருந்து வாங்கி வந்தாராம். இரண்டையும் பக்கத்தில் வைத்தார். என் அழகான ஆமென்கள் வரிசையாக நின்றன.

“அப்ப இது வாத்தியார் லைட்னர் பண்ணின தப்பா?”

அப்பா மண்ணுக்குள் போய் இருபத்தேழு வருஷம். பழியை அவர்மேல் போட்டால் கேட்க ஆளில்லை. அந்த யோசனையும் எனக்கு வந்தது, மறைக்க மாட்டேன்.

“இல்ல. பேருதான் அவரது. எழுதினது நான். தப்பும் நான்தான். மூலப்பிரதி எங்கன்னு அவன் கேட்டப்ப, அந்தப் பெட்டிமேல உக்காந்துக்கிட்டு இல்லைன்னதும் நான்தான்.”

“அவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாமேம்மா. போன வருஷம் வரைக்கும் இருந்தாரே.”

“இருந்தான்” என்றேன்.

வெளியே வண்டிக்காரன் கொம்பு ஊதினான். டாக்டர் அசையவில்லை. அவருடைய அத்தியாயம் போய்விட்டது. அதற்காக வருத்தமா, என்மேல் அருவருப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தார்.

“புத்தகத்துல போடணும். உங்க பேரு?”

ஆயுசு முழுக்க நான் எழுதியதற்கெல்லாம் அடியில் அப்பா பெயரைத்தான் போட்டிருக்கிறேன். என் பெயரை எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“நோட்புர்கா லைட்னர்” என்றேன், கல்யாணத்துக்கு முன்னால் இருந்த பெயரையே. “பாத்து எழுதுங்க. எழுத்து எதையும் விட்டுறாதீங்க.”

எழுதினார். நான் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன்.